முகம் இல்லாத நேர்முகம்

'நேர்முகப் பரீட்சை' என்ற சொல்லை நாம் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறோம். பரீட்சிப்பவரும் பரீட்சிக்கப்படுபவரும் முகத்துக்கு முகம் அமர்வதையே அச்சொல் குறிக்கிறது. 2020இல் கொவிட் தொற்று நம்மை வீட்டுக்குள் அடைத்த பின்னர் பரீட்சை எஞ்சியது, முகம் கேள்விக்குரியதாயிற்று. ஒரு மனிதனை மதிப்பிடுபவர் அவன் முன்னால் இருக்கத்தான் வேண்டுமா? 2022இலும் அடுத்த ஆண்டிலும் இரண்டு சர்வதேசத் தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து இக்கேள்வி என்னைத் தொடர்கிறது.

இணையவழிப் பரீட்சையின் நன்மையை மறைப்பது நியாயமாகாது. முன்பெல்லாம் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போவதென்றாலே ஓரிரவு பஸ் பயணம். ஐரோப்பாவுக்கு என்றால் விசாவும் விமானச் சீட்டும் வேண்டும். இன்று கணினியும் இணைப்பும் போதும். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் பரீட்சைக்கு நேரம் கேட்டேன். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. வெளிச்சம் எல்லோருக்கும் இருக்கவில்லை.

முதலாவது பரீட்சையில் திரைக்கு அப்பால் மூவர் இருந்தனர். கமராவின் சிறு துளையைப் பார்த்துப் பேசினால்தான் அவர்களுடைய கண்ணைப் பார்த்துப் பேசுவதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் எனக்கு அவர்களுடைய முகம் தெரியாது. நேர்மையானவனாகத் தோன்றுவதற்கு, எதிரில் இருப்பவரைப் பார்க்காதிருக்க வேண்டும்!

குழுவுக்குள் எழுந்த முரண்பாடொன்றைக் கையாண்ட விதத்தைக் கேட்டார்கள். சுனாமிக்குப் பிந்திய வீடமைப்புப் பணியைச் சொன்னேன். 2005இல் எமது கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் மீளக் கட்டத் தடை இருந்தது. கடலை விட்டு விலக மறுத்த மீனவக் குடும்பங்களைப் பட்டியலில் சேர்ப்பதா என்பதில் எங்களுக்குள் பிளவு. கேட்டுக்கொண்டிருந்த பெண்மணியின் புருவம் சுருங்கியது. தடையை அவர் அறியார் என்று விளங்கி, அதை முதலில் விளக்கினேன்.

இரண்டாவதில் எவருமில்லை. கேள்வி எழுத்தாக வந்தது. யோசிக்க 30 விநாடி, பேச 2 நிமிடம். எதிரே என் முகமே எனக்குத் தெரிந்தது. அதே கேள்விக்கு அதே கதையைச் சொன்னேன். சுருங்குவதற்குப் புருவமில்லை. சில நாட்களில் மறுப்பு வந்தது, பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து.

"மனிதர் இருக்குமிடத்தில் சிபாரிசும் இருக்கும். இது எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம்" என்றார் நண்பரொருவர். அரசியல்வாதியின் கடிதத்தால் உத்தியோகம் கிடைப்பதை அறிந்த நாம் இவ்வாதத்தை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. எனினும் எல்லோரையும் ஒரே அளவில் கேளாதிருப்பது சமத்துவமாகலாம், நீதியாகாது.

பிறரின் முகமே நம்மீது பொறுப்பைச் சுமத்துகிறது என்பது, 1961இல் 'முழுமையும் முடிவிலியும்' என்ற நூலை எழுதிய எம்மானுவேல் லெவினாஸின் சிந்தனை. முகத்தைக் காணாமல் மறுப்பது சுலபமாவது அதனால்தான் போலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆட்சேர்ப்பில் பயன்படும் இத்தகைய பொறிமுறைகளை அதிக ஆபத்துடையவையாக வகுத்து, மனித மேற்பார்வையையும் கோருகிறது. ஆனால் மேற்பார்வை வேறு, செவிமடுப்பது வேறு.

தூரம் அநீதியல்ல. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த அந்தப் பெண்மணி என்னைக் கேட்டார். கேட்பவர் தனக்கு விளங்கவில்லை என்று காட்டவும், சொல்பவன் திருப்பிக் கேட்கவும் இடமிருந்தால் அது பரீட்சை. அந்த இடம் இல்லாதபோது வேலை மறுக்கப்படுவதில்லை. மனிதனே மறுக்கப்படுகிறான் என்பது என் துணிபு.