நந்தனுக்காக அழுதவர்கள்

ஊரோடு ஒட்டாத ஒருவனைக் கதையில் சந்தித்தால் வாசக மனம் உடனே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஊர் அவனைத் தள்ளும்போது நமக்கு வலிக்கிறது. அவன் எதிர்த்து நின்றால் நாமே நின்றதுபோலப் பெருமை வருகிறது. இந்தப் பரிவு நல்ல குணம்தான். ஆனால் கதையில் அவனுக்காக அழுதவர், நேரில் அவனைப் போன்ற ஒருவருக்கு ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறாரா? அல்லது அழுததோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தஞ்சைத் தரணி பொருத்தமான இடம். விலக்கப்பட்டவர்களின் மறக்க முடியாத கதைகள் பல இந்தக் காவிரிக் கரையில் பிறந்தவை. மனிதரை விலக்கி வைப்பதைத் தெரு, குளம், களத்துமேடு என்று அடிக்கு அடி வகுத்து நடத்தியதும் இதே மண்தான்.

அந்தக் கதைகளில் மூத்தது நந்தனுடையது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவர் திருநாளைப்போவார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்து, திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிடச் சிவனைத் தரிசித்து, தில்லைக் கோயிலுக்குள் போகத் தீயில் மூழ்கி எழுந்தவர். 19ஆம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இந்த வரலாற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரையும் அதில் கொண்டுவந்தார். நந்தனைப் பண்ணையில் கட்டிவைத்திருக்கும் வேதியர் அவர். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று சொல்பவர். கடைசியில் நந்தன் காலில் விழுபவரும் அவரே.

இது துணிச்சலான மாற்றம். அடியாருக்கும் ஆண்டவனுக்கும் இடையே இருந்த கதைக்குள் நிலமும் உழைப்பும் அதிகாரமும் நுழைந்தன. நிலமுள்ள கேட்போர் உட்கார்ந்து தங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இடத்தைப் பாரதியார் ஒதுக்கி வைத்தார் என்றே சொல்லலாம். ஆனால் காலட்சேபம் கேட்டு உருகியவர்கள் அந்த இடத்தில் உட்காரவில்லை. ஆண்டவனுக்காக ஏங்கும் உயிர் எல்லாருக்கும் பொது என்பதால், பண்ணை வைத்திருந்தவரும் தன்னை நந்தனாகவே உணர்ந்து கண்ணீர் விட முடிந்தது. எல்லாரும் நந்தன் ஆகிவிட்டால் வேதியர் யார்?

வெளியே பண்ணையாளின் வாழ்வு அப்படியே இருந்தது. கீழத்தஞ்சையில் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனைகளாக 1940கள் வரை நடந்தன. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடிய பிறகே அவை ஒழிந்தன. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்கும் பின்னால், 1968 டிசம்பர் 25 அன்று, கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கத்தை விட மறுத்தவர்களின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. நரிமணமும் கீழ்வெண்மணியும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரு கீர்த்தனை இதைத் தடுத்திருக்க வேண்டும் என்று குறை சொல்வது நியாயமல்ல. கதை கேட்டுக் கசிந்த நெஞ்சம் தானாகவே நீதி செய்துவிடும் என்று நம்புவதற்கும் இங்கே ஆதாரமில்லை.

வெண்மணியைப் பின்புலமாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதில் நிலவுடைமையாளர் ஆண்மைக் குறை உள்ளவராகவும், அவருடைய வன்மத்துக்கு அந்தக் குறை ஒரு வேராகவும் காட்டப்படுகிறது. கூலியையும் நிலத்தையும் பற்றிய வழக்கைத் தனிமனித மனக்கோளாறாக்கிவிட்டது என்று நாவல் அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனத்தில் அறம் சார்ந்த ஓர் உண்மை இருக்கிறது. கொடுமை செய்பவரும் விசித்திரமானவர் என்றாகிவிட்டால், சாதாரணமாக வாழும் வாசகர் மீண்டும் தப்பித்துவிடுகிறார். நந்தனின் கதையில் அவர் பாதிக்கப்பட்டவராகித் தப்பினார். இங்கே கொடியவரைப் போல் தான் இல்லை என்று சொல்லித் தப்புகிறார்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ அந்தத் தப்பிக்கும் வழியை அடைக்கிறது. கும்பகோணத்தையும் தஞ்சாவூரையும் களமாகக் கொண்ட அந்த நாவலில் யமுனா, தமிழ்ப் பிராமணருக்கும் மராட்டியப் பெண்ணுக்கும் பிறந்தவள். அந்தப் பிறப்பினாலேயே அவளுக்குக் கல்யாணம் கூடுவதில்லை. அவளை ஒதுக்குபவர்கள் கொடியவர்கள் அல்லர். மரியாதை தெரிந்தவர்கள், குடும்பம் நடத்துபவர்கள், விசாரித்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்குபவர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணை வறுமைவரை கொண்டுபோய்விடுகின்றன. அவர்களில் தன்னை அடையாளம் காணாமல் படித்து முடிப்பது கடினம்.

ஆயினும் யமுனா அழகி. நந்தனுக்குப் பக்தி உண்டு. விலகி நிற்பவரை விரும்புவதற்கு நாம் பெரும்பாலும் அப்படி ஒரு விலையைக் கேட்கிறோம். அழகோ, ஞானமோ, கலையோ, தீயில் குளித்த தூய்மையோ அவரிடம் இருக்க வேண்டும். கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ படைத்த கணேசன் தொழுநோயாளி. எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ நாவலில் வரும் மகாலிங்கம் ஓயாமல் குரல்களைக் கேட்டுத் துன்புறுபவன். வெங்கட்ராம் தாமே பட்ட பாட்டிலிருந்து அவனை எழுதினார். இவர்களிடம் மயங்குவதற்கு ஒன்றுமில்லை. இருந்தும் இவர்களை விட்டு விலகாமல் பக்கம் பக்கமாக உடன் இருக்க அந்த நாவல்கள் கேட்கின்றன. மனிதராக இருப்பதே மதிப்புக்குப் போதும் என்ற கொள்கைக்கு உண்மையான சோதனை இங்கேதான் நடக்கிறது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிவிட முடியாது. கதையைக் கடமையாக்கினால் இன்பம் போய்விடும். தன் வீட்டிலேயே அந்நியமாக வாழும் ஒரு பெண், பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவன், பிறப்பால் தள்ளப்பட்ட ஒருவர் – இவர்களுக்குக் கதையில் வரும் ஒட்டாத மனிதர் துணை. ‘இது நான்தான்’ என்று அவர்கள் உணர்வது அவர்களுக்கு உயிர் தரும் உரிமை. அந்த உரிமையை யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. உள்ளே வசதியாக இருப்பவர் அதே சொற்களைச் சொல்லும்போதுதான் அதன் பொருள் மாறிவிடுகிறது. வெளியே நிற்பவரின் துயரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, அவரை வெளியே நிறுத்திய தன் பங்கை அவர் மறந்துவிடுகிறார்.

ஆகவே கேள்வி எழுத்தாளரைவிட வாசகரையே அதிகம் சாரும். பிடித்த பாத்திரம் யார் என்பதோடு, இந்தக் கதை நம் தெருவில் நடந்தால் நாம் எந்தப் பாத்திரம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேசும்போது பிறப்பை விசாரித்துப் பின்வாங்குவது யார்? மனநலம் குன்றியவரை விசேஷத்துக்கு அழைக்காமல் விடுவது யார்? களத்தில் நெல் அளக்கும்போது கூலிக்காரர் நிற்கும் தூரத்தை வகுத்தது யார்?

கதை எந்தக் கடனையும் அடைப்பதில்லை. கடன் இருப்பதைத் தெரியப்படுத்துகிறது. கதையைப் படிக்காதவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக்கூடும். யமுனாவையும் கணேசனையும் நந்தனையும் அறிந்தவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. விலக்கப்படுவதன் வலி எப்படி இருக்கும் என்று அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டார். அதன்பிறகும் தன் வாசலில் ஒருவரை விலக்கி நிறுத்தினால், அது தெரிந்தே செய்யும் குற்றம்.