உடன் உண்ணும் அறம்



நோயுற்றவருக்கு உயிர் தங்கினால் போதும், வேறென்ன வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே உளர். அக்கருத்து அறத்திற்குப் பொருந்துமா என்பதை, பிறவியிலேயே அரிதாய் வரும் ஒரு நோயைக் கொண்டு இன்று சிந்திப்போம்.

அதன் பெயர் பினைல்கீட்டோனூரியா. பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் பினைல் அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. அதனை வேறொன்றாக மாற்றும் நொதி நமது ஈரலில் இருக்கிறது. இந்நோயுடையோர்க்கு அந்நொதி சரிவர வேலை செய்வதில்லை. யாம் பல ஆண்டுகள் நூல் ஆலையில் உழைத்தோம். அங்கே ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், முந்தைய இயந்திரத்திலிருந்து வரும் பஞ்சு அதன் முன்னே குவிந்துவிடும். அவ்வாறே அவ்வமிலமும் இரத்தத்தில் குவிந்து குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. இதனை முற்பிறப்பின் வினை என்று சொல்லிக் கைகட்டி நிற்பது தம்மமன்று. காரணத்தைக் கண்டு அதனை நீக்க முயல்வதே தம்மம்.

அம்முயற்சியைத் தொடங்கி வைத்தோர் தாய்மார்களே. நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி, தன் இரு மக்களின் அறிவு ஏன் வளரவில்லை என்று மருத்துவர் பலரைக் கேட்டு அலைந்தாள். 1934இல் ஃபோலிங் என்னும் மருத்துவர் அவள் சொல்லைச் செவிமடுத்து, மக்களின் சிறுநீரை ஆராய்ந்து நோயை இன்னதென்று கண்டார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மற்றொரு தாய் விடாது வற்புறுத்தவே, பிக்கெல் என்பாரும் உடனிருந்தோரும் அவ்வமிலம் குறைந்த உணவை ஆக்கி, அதன் பயனை 1953இல் உலகிற்கு அறிவித்தனர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கத்ரி, சில துளி இரத்தத்தால் இந்நோயை அறியும் சோதனையைக் கண்டார். பிறந்த சில நாட்களிலேயே அறிந்து உணவை மாற்றினால், குழந்தை மற்றவரைப்போல் கற்று வளர இயலும். நம் நாட்டிலோ இச்சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் எட்டவில்லை. எனினும் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், தனி உணவால் பேணத்தக்க நோய்களுள் இதுவும் இடம்பெற்றுள்ளது.

மூளையைக் காத்தாயிற்று. வாழ்வு எவ்வாறு நடக்கிறது? சோற்றையும் அளந்தே உண்ண வேண்டும். மணமும் சுவையும் ஒவ்வாத தனிப் புரத மாவை நாள்தோறும் கரைத்துக் குடிக்க வேண்டும். ஆயுள் முழுதும் இதுவே விதி. தோழர் பகிரும் தின்பண்டமும் திருமணப் பந்தியும் எட்டாதவையாகின்றன. "ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று உறவினர் ஊட்ட வருவர், தடுக்கும் தாயைக் கல்நெஞ்சக்காரி என்பர். பசியினும் இத்தனிமை கொடிது.

வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, பகவன் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தாமே நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். பின்னர், அவரைக் கவனியாதிருந்த பிக்குகளைக் கூட்டி, ஒருவரையொருவர் பேணும் கடமையை உணர்த்தினார். அவருடைய உடலைத் தூய்மை செய்ததோடு நில்லாமல், சங்கத்தில் அவருக்குரிய இடத்தையும் மீட்டுக் கொடுத்தார்.

வைசாகப் பௌர்ணமியன்று, சுஜாதையின் நினைவாக நாம் பாற்சோறு வழங்குகிறோம். அப்பந்திக்கு இத்தகைய குழந்தை ஒன்று வருமாயின், முதலில் அதன் தாயைக் கேளுங்கள். அவள் ஒப்பும் அளவில், பாலின்றி வெல்லநீரில் காய்ச்சிய ஜவ்வரிசிப் பாயசத்தைத் தனியே எடுத்து வையுங்கள். குழந்தையை மட்டும் தனியே வைக்காதீர்கள்.