வம்சநாசமும் வினைப்பயனும்

1741-ஆம் ஆண்டு நவம்பரில், வீட்டஸ் பேரிங்கின் ருஷ்யக் கப்பல் கம்சட்காவுக்குக் கிழக்கே ஜனசஞ்சாரமற்ற ஒரு தீவில் ஒதுங்கிச் சிதைந்தபின், அங்கே மாண்டவர் போக எஞ்சியவர்கள் மறு கோடையில் உடைந்த பலகைகளைக் கொண்டே புதுக் கலம் கட்டிய நாட்களில் அவர்களுக்கு ஆகாரமானது, பாக் நீரிணையில் இன்றும் மேயும் ஆவுளியாவுக்குத் தாயாதி முறையான ஒரு மகத்தான கடற்பசு. அதை உயிரோடு கண்டு விரிவாக எழுதிய ஒரே இயற்கை விஞ்ஞானியான ஸ்டெல்லர் அளந்த பெண் விலங்கு ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம். பல்லில்லாதது, கடற்பாசியன்றி வேறு உணவறியாதது.

அந்த முதல் வதையைப் பாவமென்று சொல்ல நான் துணியேன்; பிராணாபத்தில் விதி தளரும் என்று நம் சாஸ்திரங்களே ஆபத்தர்மத்தை அங்கீகரித்திருக்கின்றன. ஆனால், பின்னர் கடல்நீர்நாயின் தோலை நாடி அவ்வழியே சென்ற வேட்டைக்காரர்கள் வழிநடை உணவுக்காக அதைக் குத்திக் குத்தி, கரைக்கு இழுத்தவற்றோடு காயமுற்றுத் தப்பிக் கடலில் வீணே மடிந்தவையும் சேர, 1768-க்குள் அந்த வம்சமே அற்றுப்போனது. கண்டறிந்து இருபத்தேழே ஆண்டுகள்!

வினைக் கோட்பாடு கர்த்தாவைக் கேட்கிறது. ஒவ்வொருவனும் கொன்றது சில பசுக்களை. இனத்தைக் கொன்றவன் என்று எவனைச் சுட்டுவது? ஆத்மாவுக்கு நாசமில்லை என்ற ஆறுதலும் இங்கே முழுதாக உதவுவதில்லை. அவ்வுயிர் வேறு சரீரம் எடுக்கலாம், அந்தச் சரீர வகையோ சிருஷ்டியிலிருந்தே நீங்கிவிட்டது.

அறியாமல் செய்தார்கள் என்பதற்கும் இடமில்லை. குத்துண்ட துணையை விடுவிக்க மற்றவை படகை முட்டிக் கயிற்றை அறுக்க முயன்றதையும், கொல்லப்பட்டுக் கரையில் கிடந்த பெண் விலங்கைத் தேடி ஆண் விலங்கு இரண்டு நாள் தொடர்ந்து வந்ததையும் ஸ்டெல்லர் எழுதியிருந்தார். அவர் மறைவுக்குப்பின் அது 1751-இல் அச்சாயிற்று. 1755-இல் யாகவ்லெவ் என்பவர் இவ்வேட்டையைத் தடுக்குமாறு கம்சட்கா அதிகாரிகளை வேண்டியும் பயனில்லை. ஆகவே, கடைசிப் பசுவைக் குத்தியவனின் வினை மற்றவர்களுடையதைவிடக் கனத்தது என்று எனக்குத் தோன்றவில்லை; தேவைக்கு மிஞ்சிக் கொன்றவன், காயப்படுத்திக் கைவிட்டவன், தடுக்க அதிகாரமிருந்தும் வாளாவிருந்தவன் ஆகிய ஒவ்வொருவன் கணக்கிலும் அந்த வம்சநாசத்தின் வினை, பங்கு பிரியாமல், முழுதாகவே ஏறும் என்று நம்புகிறேன்.