செய்யாமையும் வினையே

செய்தது மட்டும்தான் வினையா? செய்யாமல் விட்டதும் வினைதானா? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்டு பார்க்கிறவன் நான். எனக்கு இதற்கு விடை சொன்னது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தின்படி 1982இல் பிறந்தது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சட்டத்தின் பார்வையில் வாரியமும் ஓர் ஆள். அதற்கு முத்திரை உண்டு. அது வழக்குத் தொடரலாம், அதன்மீதும் தொடரலாம். அதிகாரிகள் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள்; அதற்கு மட்டும் மரணம் இல்லை. கழிவுநீரைச் சோதிப்பது, அதை வெளியேற்ற ஆலைக்கு இசைவாணை தருவது அல்லது மறுப்பது, தேவையானால் ஆலையை மூடி மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது எல்லாம் அதன் கடமை.

சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது. முழுமையான விண்ணப்பம் வந்து நான்கு மாதத்துக்குள் இசைவு தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், நிபந்தனை எதுவுமின்றி இசைவு தந்ததாகவே ஆகிவிடும். மௌனம் சம்மதம் என்று ஊரார் சொல்வதுதான் இங்கே சட்டம். அதிகாரி எதையும் செய்யவில்லை. ஆனாலும் குழாய் திறந்துவிட்டது. செய்யத் தகாததைச் செய்வதும் கெடுக்கும், செய்ய வேண்டியதைச் செய்யாததும் கெடுக்கும் என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

உயிரில்லாத வாரியத்தை வினை எப்படி ஒட்டும் என்று கேட்கலாம். எங்கள் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் மூர்த்தியும் சொத்துடைய ஓர் ஆள்தான். ஆனால் கையெழுத்துப் போடுவது மனிதர்கள். ஒரு நாள் பூஜை தவறினால் பெருமாளையா குறை சொல்வோம்? அன்று யார் முறையோ அவரைத்தான் கேட்போம். வாரியத்திலும் கோப்பு எவர் மேசையில் கிடக்கிறதோ, வினை அவருடையது.

21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கும்போது அதை இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்து, எடுத்தவரும் ஆலைத் தரப்பில் இருப்பவரும் கையெழுத்திட வேண்டும். சட்டம் அங்கே நிறுவனத்தின் பெயரோடு நிற்கவில்லை. இரண்டு மனிதர்களைத் தேடிப் பிடிக்கிறது. எங்கள் பகுதி ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காடு ஏரியில் வலை வீசுகிறவர்களுக்கு, மாதிரி எடுக்கும் அதிகாரியும் ஆலைத் தரப்பில் நிற்கும் நானும் இருவருமே கடன்பட்டவர்கள். இருவர் சுமப்பதால் அந்தக் கடன் பாதியாகாது. ஒவ்வொருவருக்கும் அது முழுக் கடன்.