பகைவர் எழுப்பிய மதில்

வேல்ஸ் நாட்டின் வடகரையில், கான்வி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஒரு நீளமான பாறை. அதன் நெளிவுக்குத் தக்கபடி எட்டு வட்டக் கோபுரங்களை நிறுத்திக் கான்விக் கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்கு ‘என்ன அழகு’ என்றுதான் முதலில் வாயில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. சங்கடம் அதன் பிறகுதான் தொடங்கியது. இந்தக் கோட்டை வேல்ஸ் மக்கள் கட்டியதல்ல, அவர்களை அடக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்டது.

1282 டிசம்பரில் வேல்ஸ் இளவரசன் லிவெலின் ஆப் கிரிஃபித் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் இந்தப் பாறையில் வேலையைத் தொடங்கிவிட்டான். சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனார் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து கல்தச்சரும் மரத்தச்சரும் மண்வெட்டிக்காரரும் திரட்டிக் கொண்டுவரப்பட்டார்கள். நான்கைந்து ஆண்டுகளில் கோட்டையும் எழுந்தது, அதை ஒட்டி 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு 21 கோபுரங்களோடு நகர மதிலும் எழுந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 15,000 பவுண்டு செலவு. மதிலுக்குள் குடியேறியவர்கள் ஆங்கிலேயர்கள்.

அந்த இடம் வெற்றுநிலமாக இருக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அங்கே சிஸ்டர்சியன் துறவிகளின் மடம் இருந்தது. கொல்லப்பட்ட லிவெலினின் பாட்டன், ‘பெரிய லிவெலின்’ என்று வேல்ஸ் மக்கள் கொண்டாடும் அரசன், 1240இல் அந்த மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டான். எட்வர்ட் துறவிகளை ஆற்றோடு மேலே போனால் வரும் மேனானுக்குக் கிளப்பிவிட்டு, மடம் இருந்த மண்ணிலேயே தன் ஊரை அமைத்தான். ஆட்சியைப் பறித்ததோடு அவனுக்கு ஆறவில்லை. தோற்றவர்கள் கும்பிட்ட இடமும் தன் கைக்குள் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறான். பெரிய லிவெலினுடையது என்று கருதப்படும் கல்பெட்டி இப்போது லான்ருஸ்ட் என்ற ஊரின் தேவாலயத்தில் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

கோபுரத்தின் சுழல்படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் ஒருபக்கம் மதிலுக்குள் அடங்கிய ஊரின் கூரைகள், மறுபக்கம் படகுகள் நிற்கும் முகத்துவாரம், அதற்கப்பால் மலைகள். காவல்காரன் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்பது அங்கே உறைத்தது. சுற்றுலா வருகிறவருக்குக் கிடைக்கும் சிறந்த காட்சி, அடக்க வந்தவனுக்குக் கிடைத்த அதே காட்சிதான். வேல்ஸ் குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்து இதே இடத்தில் நின்று பார்க்கும்போது எந்தப் பக்கத்துக் கண்ணால் பார்ப்பார்கள்?

கோட்டை தன் வேலையை எவ்வளவு செய்தது என்பதும் யோசிக்க வேண்டியது. 1294இல் மடோக் ஆப் லிவெலின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது எட்வர்ட் தானே இந்தக் கோட்டைக்குள் சிக்கிக்கொண்டான். சுற்றிலும் பகை, குளிர்காலம், உணவுக்குத் தட்டுப்பாடு. கடல் வழியாக வரும் கப்பல்களை எதிர்பார்த்துக் கிடந்தான். 1401இல் நடந்தது இன்னும் வியப்பானது. புனித வெள்ளியன்று காவலர்கள் ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்த நேரத்தில், ரிஸ், குவிலிம் என்ற அண்ணன் தம்பிகள் சிறு கூட்டத்தோடு கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். உள்ளே வேலை செய்ய வந்த தச்சன் போல ஒருவன் நுழைந்து வழி செய்தான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 15,000 பவுண்டு கோட்டைக்குள் போக, வேலைக்கு வந்தவன் என்ற முகம் போதுமானதாக இருந்தது. சில மாதங்களில் அவர்கள் கோட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தங்களுக்கு மன்னிப்புப் பெறுவதற்காகக் கூட வந்தவர்களில் சிலரையே பிடித்துக் கொடுத்தார்கள், கொடுக்கப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதையும் சொல்லாமல் வீரக்கதையாக மட்டும் சொல்வது சரியில்லை. அந்தச் சகோதரர்களில் இன்னொருவனான மரெடுத்தின் வழியில் வந்த ஏழாம் ஹென்றி 1485இல் இங்கிலாந்தின் அரியணையில் உட்கார்ந்தான். டியூடர் வம்சம் என்று நாம் படிப்பது அந்தக் குடும்பத்தைத்தான்.

இந்தக் கோட்டைக்குப் பெரிய சேதம் செய்தவர்கள் வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்கள் அல்ல. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1655இல், மறுபடி யாரும் படை வைக்க முடியாதபடி அரசாணையாலேயே கோட்டையின் ஒரு பகுதி சிதைக்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து அதன் உடைமையாளரே கூரையின் ஈயத்தை உரித்து எடுத்துக்கொண்டார். இன்று அதைக் காப்பது வேல்ஸ் அரசின் கடூ (Cadw) என்ற தொல்லியல் அமைப்பு. ஏ55 நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தபோது, கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் எழும்பாமல் ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை அமைத்தார்கள். அது 1991இல் திறக்கப்பட்டது. தங்களை அடக்க எழுந்த சுவரின் தோற்றம் கெடாமல் காக்க, அடக்கப்பட்டவர்களின் மண்ணில் இவ்வளவு பாடு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் கேட்பதற்கு என் வீட்டில் ஒரு காரணம் உண்டு. எங்கள் பூர்வீக வீட்டின் முற்றத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு சுவர் நிற்கிறது. தாத்தாவின் அண்ணன் பாகப்பிரிவினையின்போது எழுப்பியது. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. பாட்டி ஆண்டுக்கணக்கில் ஊர்க்கிணற்றிலிருந்து குடம் சுமந்தாள். பிறகு அந்த வீட்டாரும் ஊரைவிட்டுப் போனார்கள், அவர்கள் பங்கை அப்பா வாங்கினார். இப்போது சுவரின் இரண்டு பக்கமும் எங்களுடையது. இடித்துவிடலாம் என்கிறான் தம்பி. தொடாதே என்கிறாள் அத்தை. தன் அம்மா பட்ட பாட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதானாம்.

கான்வியைப் பார்த்த பிறகு அத்தையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. சாட்சியாக நிற்கும் சுவர் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். கான்வியில் அறிவிப்புப் பலகைகளில் வேல்ஸ் மொழியும் இருக்கிறது. நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அதைப் பேசுகிறார்கள் என்றாலும், மதிலுக்குள் அந்த மொழிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊர்ச் சதுக்கத்தில் பெரிய லிவெலினின் சிலை நிற்கிறது. மடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவன் மதிலுக்குள் திரும்பி வந்திருக்கிறான். அந்த நகர மதிலிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதைக்காக ஒரு வளைவு வாசலும் திறந்திருக்கிறார்கள். அதனால் மதில் பொய்யாகிவிடவில்லை.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் பேசினேன். சுவர் இருக்கட்டும், கிணற்றுக்கு நேராக ஒரு வாசல் மட்டும் வைக்கலாம், யார் கட்டியது, ஏன் கட்டியது என்பதை உன் பிள்ளைகளுக்கு அத்தையே சொல்லட்டும் என்றேன். கொத்தனாரைக் கூப்பிட்டு விலை கேட்டிருக்கிறான். அத்தையிடம் நான்தான் பேச வேண்டுமாம்.