பழைய நிலைக்குத் திரும்பினால் போதுமா?

செய்த தவற்றின் தடத்தை அழித்துவிட்டால் நாம் குற்றமற்றவர் ஆகிவிடுவோமா? பொறியியல் படிக்கும் எனக்கு மெய்நிகர் கணினி ஒரு பதில் சொல்கிறது.

காலை 9 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். 10 மணிக்கு அந்தக் கணினி 200 பேருக்குத் தப்பான கட்டண மின்னஞ்சல் அனுப்பிடுதுன்னு வைத்துக்கொள்வோம். ரீஸ்டோர் செய்தால் அதன் வட்டில் மறுபடி 9 மணி நிலைதான். ஆனா போன மின்னஞ்சல் திரும்பி வராது. அதைவிட மோசம், அனுப்பியதே அதற்கு ஞாபகம் இருக்காது. அதே வேலை வந்தால் மறுபடியும் அனுப்பும்.

அதனால்தான் ரீஸ்டோருக்கு முன்பே லாக் கோப்பை வெளியே நகலெடுத்து வைக்க வேண்டும். யார் யாருக்குத் திருத்தம் அனுப்பணும்னு அதுதான் சொல்லும்.

மனுஷனுக்கும் இதேதான். "பழசை மறந்துடு" என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே. வினை செய்தவர், ஈடு செய்து முடிக்கும் வரையாவது, மறக்கக்கூடாது.