செய்தவரும் செய்வித்தவரும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை விபத்து நேரும்போதெல்லாம், தீ அணைந்த பின்னர் ஒரு கேள்வி எழுகின்றது. மாண்டவர் யாருடைய ஆள் என்பதே அக்கேள்வி. உரிமம் பெற்றவர், தமது ஆலையின் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருப்பார். குத்தகை எடுத்தவர், சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்களை வண்டியில் ஏற்றி வந்து, எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி என்று பேசி வேலை வாங்கியிருப்பார். ஆலையின் வருகைப் பதிவேட்டில் அவ்வாட்களின் பெயர் இராது. "அவர்கள் குத்தகைக்காரரின் ஆட்கள்" என்பார் உரிமையாளர். "அவர்கள் எனக்கு வேலையாட்கள் அல்லர், செய்த சரக்குக்குக் காசு வாங்குகிறவர்கள்" என்பார் குத்தகைக்காரர். இறுதியில், தன் கணவன் தொழிலாளிதான் என்று மெய்ப்பிக்கும் சுமை, கையில் ஓர் அடையாள அட்டையும் இல்லாத அவன் மனைவியின் தலையில் வந்து விழுகின்றது.

இது கற்பனையன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தமை வெளிவந்தது. வெடிபொருள் உரிமம் என்பது ஒருவர் பெற்றுப் பிறருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ உரியதன்று. ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்ற வரம்புகள் எல்லாம், பொறுப்பேற்கும் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் அமைந்தவை. பொறுப்பு பல கூறாகப் பிளவுண்டபோது வரம்பும் பிளவுறுகின்றது. குத்தகைப் பணத்தை மீட்க வேண்டியவர், நால்வர் இருக்க வேண்டிய அறையில் எண்மரை அமர்த்துகிறார்; மரநிழலிலும் மருந்து செலுத்தச் சொல்லுகிறார்.

ஒருவர் தொழிலாளியா, அன்றித் தம் பொறுப்பில் வேலையை ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரரா என்று அறிவது எங்ஙனம்? நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. சௌராஷ்டிரத்துத் தாரங்கத்ரா உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவித்த அகரியா மக்கள், விளைந்த உப்பின் எடைக்கே கூலி பெற்றனர். குடும்பத்தாரையும் துணைக்கு வைத்துக்கொண்டனர். ஆயினும் 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மேற்பார்வையும் கட்டுப்பாடும் நிறுவனத்திடமே இருந்தமையால் அவர்கள் தொழிலாளரே எனப்பட்டது. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்தவர்களைப் பற்றிய 1978ஆம் ஆண்டு வழக்கில், நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் தெளிவாகக் கூறினார். எவர் கையை மடக்கிக்கொண்டால் தொழிலாளியின் பிழைப்பு நின்றுபோகுமோ, அவரே மெய்யான முதலாளி. இடையில் நிற்கும் ஒப்பந்தம் ஒரு திரை. அத்திரையை விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்கும் முன்னரே, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் 12ஆம் பிரிவில், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை முதலாளியே இழப்பீடு தரவேண்டும் என்று வைத்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துள்ளது. ஆயினும் சட்டத்துக்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதவிடத்து அது வாய்மூடி நிற்கும். அறத்துக்கு அத்தகைய தடை இல்லை. நம் ஆசாரியர்கள் இக்கேள்விக்கு முன்னரே விடை கூறியுள்ளனர் என்பதே நாம் இங்குச் சொல்லக் கருதுவது.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை வந்து சேரும் வாயில்களைக் கணக்கிடுகின்றார். எண்ணுதல், ஏற்பாடு செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் எனக் கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்க நூற்றெட்டு ஆகும். இக்கணக்கில் கிருதம், காரிதம், அனுமதம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்க. செய்தவனுக்கு வினை உண்டு, செய்வித்தவனுக்கு இல்லை என்று விலக்கு எதுவும் கூறப்படவில்லை. எத்தனை குத்தகைக் கைகள் மாறினாலும் வினை வழி தவறிப் போவதில்லை. உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒப்பந்தத்தாள் வரையும் கோட்டை நல்வினையும் தீவினையும் அறியா.

இந்தச் "செய்வித்தல்" என்ற சொல் அந்த நிலத்துக்குப் புதிதன்று. சிவகாசிக்குத் தெற்கே, கோவிற்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலைப் பாறையில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பதை நம்மில் பலர் தரிசித்திருப்போம். அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்கள், பெரும்பாலும் உளி பிடித்தவருடையவை அல்ல. இன்னார் "செய்வித்த திருமேனி" என்றே அவை கூறும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டிப் பள்ளியைச் சார்ந்த அறவோரும், பல ஊர்களைச் சார்ந்த இல்லறத்தாரும் இவ்வாறு செய்வித்துப் புண்ணியம் கட்டிக்கொண்டனர். சிற்பியின் கை செய்த பணியின் பயன் செய்வித்தவருக்கும் உண்டு என்பதை நாம் ஐயமின்றி ஏற்கின்றோம். அங்ஙனமாயின், வேலையாளின் கை கருகும்போது அதன் பாவமும் செய்வித்தவருக்கு உண்டு என்பதை மறுப்பது எவ்வாறு? புண்ணியத்துக்கு ஒரு கணக்கும் பாவத்துக்கு ஒரு கணக்கும் வைக்க இயலாதன்றோ?

இதற்கு மறுமொழியாகச் சிலர் கூறுவதையும் கேட்பதே அநேகாந்த நெறி. சிறு உரிமையாளர், பருவகாலச் சந்தையும் வட்டியும் நெருக்குவதால் குத்தகைக்கு விடுகிறார். தொழிலாளியும் சில வேளை, நாட்கூலியினும் எண்ணிக்கைக் கூலியில் இரண்டு காசு கூடக் கிடைக்கும் என்று அதனையே விரும்புகிறார். இவை மெய்யே. தன் கருவியும் தன் நேரமும் தன் இலாபநட்டமும் தன்னுடையவாக வைத்திருக்கும் மெய்யான ஒப்பந்தக்காரரும் உலகில் உண்டு. அவரை ஒப்பந்தக்காரர் என்று கூறுவதில் குற்றமில்லை. ஒப்பந்தம் என்ற முறையில் தீமையில்லை. உள்ளதை இல்லதாகக் காட்ட அதனைத் திரையாக்குவதே தீமை. வேலை நேரத்தையும் அளவையும் தானே விதித்து, மருந்தும் இடமும் தானே தந்து, ஆபத்தை மட்டும் தொழிலாளியின் பங்காக விடுவது மாயை என்னும் கஷாயமேயன்றி வேறன்று. இல்லறத்தாரின் அஹிம்சை அணுவிரதத்துக்குக் கூறப்பட்ட ஐந்து குற்றங்களுள் மிகுசுமை ஏற்றுதலும், உணவையும் நீரையும் தடுத்தலும் அடங்கும். காளைக்கு மட்டும் பொருந்துவதாக நாம் அதனை வாசித்துவிடலாகாது.

இக்கேள்வி இப்போது வேறொரு வழியாகவும் நம் இல்லங்களுக்கு வந்துள்ளது. கனடாவில் வேலை பார்த்து, திறன்மிகு பணியாளர் என்ற முறையில் நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுள் சிலர், நிறுவனத்தில் ஊழியராக இல்லாமல் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிந்தவர்கள். அந்நாட்டு அனுபவ வகுப்பில், அங்கே தனித்தொழிலாகச் செய்த வேலை பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. நேரத்தை யார் விதித்தார், கருவி யாருடையது, இலாபநட்டம் யாரைச் சார்ந்தது என்று அங்குள்ள அதிகாரிகளும் வினவுகின்றனர். அப்பொழுது, தெரிந்தவர் ஒருவரிடம் "ஊழியர்" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுகின்றது. பொய்யுரைத்தது தெரியவந்தால் 5 ஆண்டுகள் விண்ணப்பிக்க இயலாது என்பது அந்நாட்டுச் சட்டம். நமக்கோ அதனினும் பழைய சட்டம் ஒன்றுண்டு. சத்திய அணுவிரதத்தின் குற்றங்களுள் "கூடலேகக்கிரியை", அதாவது பொய்ப்பத்திரம் எழுதுதல், பெயர் சுட்டியே விலக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தக்காரரை ஊழியர் என்று எழுதும் அக்கடிதமும், ஊழியரைப் பதிவேட்டில் எழுதாமல் விடும் அந்த ஆலையும் ஒரே பொய்யின் இரு பக்கங்கள். ஆதலின் உண்மையான தாள்களைச் சேர்த்து, உள்ளபடி விளக்கி, கிடைப்பதை ஏற்பதே நம் பிள்ளைகளுக்கு நாம் கூறத்தக்கது.

பிறரைக் கூறியபின் நம்மையும் நோக்குவோம். வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் வீடு கட்டும் நாம், மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிடுகிறோம். சித்தாள் சாரத்திலிருந்து விழுந்தால் "மேஸ்திரியைக் கேள்" என்கிறோம். அறுவடைக்கு ஆட்களை அழைத்து வருபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் அவர்களுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்பதில்லை. இங்கே செய்விப்பவர் நாமே. பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளாகிய தீபாவளியன்று நம் தெருவில் வெடிக்கும் சரவெடியை எவர் கை திரித்தது என்று எண்ணாமல் மகிழ்ந்தால், அனுமதத்தின் பங்கு நம்மையும் சாரும்.

பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. நமக்காக உழைப்பவரின் பெயரை ஒரு ஏட்டில் எழுதிவைப்போம். கூலி கொடுத்ததற்குச் சீட்டு ஒன்று தருவோம். பிடித்தம் செய்த சேமநலப் பணத்தைத் தவறாது கட்டுவோம். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தலும் சத்திய விரதக் குற்றங்களுள் ஒன்றென்பதை மறவோம். அந்தச் சிறு தாள் ஒன்று, நாளை ஒரு விதவை நீதிமன்ற வாயிலில் நிற்கும்போது அவள் கையில் இருக்கும் ஒரே சான்றாகலாம். கழுகுமலையில் செய்வித்தவர் தம் பெயரைக் கல்லில் பொறித்தனர். செய்பவரின் பெயரை நாம் தாளிலேனும் பொறிப்போமாக.